நட்சத்திரத் தூசு என்றால் என்ன? பிரையன் மே ஆராய்ந்த தூசும், அதைவிடப் பழைய தூசும்

"நாம் எல்லோரும் நட்சத்திரத் தூசு" என்ற வரியைக் கேட்காதவர்கள் குறைவு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வரைக்கும் வந்து தேய்ந்துபோன வரி. பொய்யில்லை. ஆனால் அந்த வரியைச் சொல்லும்போது மூன்று வெவ்வேறு சரக்குகளை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். நம் உடலில் இருக்கும் அணுக்கள் ஒன்று. சூரியனைச் சுற்றி இன்றும் மிதந்துகொண்டிருக்கும் தூசு இன்னொன்று. சூரியன் பிறப்பதற்கு முன்பே கெட்டியாகி, இன்றுவரை உருகாமல் தப்பிய நுண்துகள்கள் மூன்றாவது.

குவீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே வானியலில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பது பலருக்கும் தெரியும். அவர் ஆராய்ந்தது இந்த மூன்றில் இரண்டாவதை. ஆனால் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி மூன்றாவதைப் போல வர்ணித்துவிடுவார்கள். அவருடைய கதையைப் பிடித்துக்கொண்டே போனால் மூன்றையும் பிரித்துப் புரிந்துகொள்ள முடியும்.

அணுக்கள் எங்கே உருவாயின?

பெருவெடிப்புக்குப் பிறகு பிரபஞ்சத்தில் இருந்தவை பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான், கூடவே துளி லித்தியம். கார்பன், ஆக்சிஜன், இரும்பு எல்லாம் பின்னால் வந்தவை. ஒரு நட்சத்திரத்தின் நடுவில் மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் இணைந்தால் ஒரு கார்பன் கிடைக்கும். அதோடு இன்னொரு ஹீலியம் சேர்ந்தால் ஆக்சிஜன். எடை மிகுந்த நட்சத்திரங்களில் இந்தத் தொடர் இரும்பு வரை போகும். இரும்பைவிடக் கனமான தனிமங்களில் பல, அணுக்கருக்கள் நியூட்ரான்களை விழுங்கி விழுங்கி வளர்ந்ததால் உருவானவை.

இது வெறும் கணக்கு அல்ல என்பதற்கு 1952-ல் ஒரு நல்ல சாட்சி கிடைத்தது. பால் மெரில் என்ற வானியலாளர் சில சிவப்பு ராட்சத நட்சத்திரங்களின் ஒளியில் டெக்னீசியம் இருப்பதைக் கண்டார். ஒரே தனிமம் நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் மாறுபட்டு வரும் வடிவங்களை ஐசோடோப்பு என்பார்கள்; டெக்னீசியத்துக்குச் சிதையாத, நிலையான ஐசோடோப்பே கிடையாது. எவ்வளவு தாக்குப்பிடித்தாலும் சில பத்து லட்சம் ஆண்டுகளில் அதில் பாதி சிதைந்துவிடும். அந்த நட்சத்திரங்களின் வயதோ அதைவிடப் பல மடங்கு அதிகம். அப்படியென்றால் அந்த டெக்னீசியம் அங்கேயே, அண்மையில்தான் உருவாகியிருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1957-ல், மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், வில்லியம் ஃபவுலர், ஃபிரெட் ஹாயில் ஆகிய நால்வரும் எழுதிய நீண்ட கட்டுரை, தனிமங்கள் நட்சத்திரங்களுக்குள் எப்படி உருவாகின்றன என்ற சித்திரத்தை முழுசாக வரைந்து காட்டியது.

சரி, அணு உருவாகிவிட்டது. தூசு எப்படி வருகிறது? வயதான நட்சத்திரம் தன் வெளிப்புற வாயுவை மெல்ல வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த வாயு தூரம் போகப் போகக் குளிரும். ஒரு கட்டத்தில் அதிலிருக்கும் தனிமங்கள் கூடிக் கெட்டியான துகள்களாக உறையும். என்ன துகள் உருவாகும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் ஒரே ஒரு போட்டிதான்: அந்த வாயுவில் கார்பன் அதிகமா, ஆக்சிஜன் அதிகமா? இரண்டும் முதலில் கைகோத்து கார்பன் மோனாக்சைடாகிவிடும்; அந்தப் பிடி சுலபத்தில் விடாது. ஆக்சிஜன் மிச்சமிருந்தால் அது சிலிக்கேட், ஆக்சைடு போன்ற பாறைத் துகள்களாகும். கார்பன் மிச்சமிருந்தால் கிராஃபைட்டும் சிலிக்கான் கார்பைடும் உருவாகும். இந்தச் சிலிக்கான் கார்பைடை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஏறத்தாழ 457 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பல நட்சத்திரங்கள் விட்டுச்சென்ற இப்படிப்பட்ட வாயுவும் தூசும் கலந்த மேகம் ஒன்று சுருங்கியது. நடுவில் சூரியன் உருவானது, சுற்றிலும் கோள்கள். அப்போது ஏற்பட்ட வெப்பத்தில் பெரும்பாலான தூசு ஆவியாகி, உருகி, ஒன்றோடொன்று கலந்துவிட்டது. உங்கள் எலும்பில் உள்ள கால்சியம் ஏதோ ஒரு நட்சத்திரத்தில் உருவானதுதான், ஆனால் எந்த நட்சத்திரம் என்று கேட்டால் பதில் கிடையாது. அந்த முகவரி அழிந்துவிட்டது. 'நாம் நட்சத்திரத் தூசு' என்பதில் எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை இதுதான். நாம் நட்சத்திரப் பொருள், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பழைய தூசுத் துகள்களாக நாம் இல்லை.

சூரியனைச் சுற்றி மிதக்கும் தூசு

அடுத்தது இரண்டாவது வகை. நிலா இல்லாத, நகர வெளிச்சம் எட்டாத இரவில், அந்தி முழுவதும் அடங்கிய பிறகு மேற்கே, அல்லது விடியலுக்கு முன்பு கிழக்கே, அடிவானத்திலிருந்து சாய்வாக எழும் மங்கலான கூம்பு வடிவ ஒளி ஒன்று தெரியும். சூரியனும் கோள்களும் செல்லும் பாதையை, அதாவது பன்னிரண்டு ராசிகள் இருக்கும் பட்டையை ஒட்டியே அது தெரிவதால் ராசிமண்டல ஒளி என்று சொல்கிறார்கள். வெப்பமண்டல நாடுகளில் அந்தப் பாதை அடிவானத்திலிருந்து ஏறக்குறைய செங்குத்தாக எழுவதால் பார்ப்பது இன்னும் வசதி. பலர் இதைப் பார்த்திருப்பார்கள், ஆனால் தூரத்து ஊரின் வெளிச்சம் என்று நினைத்து விட்டிருப்பார்கள்.

இத்தாலியில் பிறந்து பாரிஸில் பணியாற்றிய வானியலாளர் கசினி 1683-ல் இதை முறையாகக் கவனித்தார். சூரியனைச் சுற்றியிருக்கும் தூசின் மேல் பட்டுச் சிதறும் சூரிய வெளிச்சம்தான் இது. துகள்களின் அளவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் சில பங்குகள் வரை.

இந்தத் தூசு நிலையாக இருக்க முடியாது என்பதுதான் சுவாரசியம். ஓடிக்கொண்டிருக்கும் துகளின் மேல் விழும் சூரிய ஒளி, துகளின் பார்வையில் கொஞ்சம் முன்பக்கமிருந்து வருவது போல் இருக்கும். அதனால் துகளின் வேகம் மிக மிகச் சிறிதளவு குறையும். குறையக் குறைய அது சுருள் பாதையில் சூரியனை நோக்கிப் போகும். பாயின்டிங், ராபர்ட்சன் என்ற இருவரின் பெயரால் அழைக்கப்படும் விளைவு இது. சிறிய துகள் ஒன்று பூமியின் தொலைவிலிருந்து சூரியனுக்குப் போய்ச்சேரச் சில பத்தாயிரம் ஆண்டுகள் போதும். பெரிய துகளுக்கு லட்சத்தைத் தாண்டலாம். கோடிக்கணக்கான ஆண்டுகள் வயதுள்ள சூரியக் குடும்பத்தில் இது கண் இமைக்கும் நேரம்.

அப்படியும் தூசு தீர்ந்துபோகவில்லை என்றால், யாரோ நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள். வால்நட்சத்திரங்கள் சூரியனை நெருங்கும்போது உதிர்ப்பதும், சிறுகோள்கள் ஒன்றோடொன்று மோதி நொறுங்குவதும்தான் அந்த நிரப்பல். இப்போதைய கணிப்புகளின்படி வியாழனின் ஈர்ப்பில் சிக்கிய குறுகிய கால வால்நட்சத்திரங்களின் பங்குதான் பெரியது. ஆக, ராசிமண்டலத் தூசு தனித் துகளாக அலைய ஆரம்பித்தது அண்மையில்தான். அதற்குள் இருக்கும் பொருள்தான் மிகப் பழையது.

கிட்டாரும் நிறமாலையும்

பிரையன் மே 1947-ல் லண்டனை ஒட்டிய ஹாம்ப்டனில் பிறந்தவர். அப்பா ஹரால்ட் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர். கடையில் கிட்டார் வாங்கப் பணம் இல்லாததால் 1963-ல் அப்பாவும் மகனும் சேர்ந்து ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். கழுத்துப் பகுதிக்குப் பழைய கணப்படுப்பு ஒன்றின் மேல்பலகை, ஸ்பிரிங்குக்கு மோட்டார் சைக்கிள் எஞ்சினின் வால்வு ஸ்பிரிங். 'ரெட் ஸ்பெஷல்' என்ற அந்தக் கிட்டாரைத்தான் அவர் வாழ்நாள் முழுக்க வாசித்துவருகிறார், பெரும்பாலும் ஒரு ஆறு பென்ஸ் நாணயத்தை மீட்டுதகடாக வைத்துக்கொண்டு.

1968-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் பட்டம். 1970-ல் அங்கேயே முனைவர் பட்ட ஆய்வு தொடங்கியது, அதே ஆண்டு குவீன் குழுவும் தொடங்கியது. அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: ராசிமண்டலத் தூசு எந்தப் பக்கமாக, எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது? கோள்கள் சுற்றும் திசையிலேயே சுற்றுகிறதா, எதிர்த் திசையிலா, வெளியிலிருந்து உள்ளே பாய்கிறதா?

மங்கலான ஒளி மேகத்தின் வேகத்தை எப்படி அளப்பது? டாப்ளர் விளைவை வைத்துத்தான். நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளி அலைகள் நெருங்கும், விலகிப் போனால் அகலும். சூரிய ஒளியில் 518.4 நானோமீட்டர் அருகே, பச்சை நிறப் பகுதியில், மக்னீசியம் உறிஞ்சிக்கொள்வதால் ஒரு இருண்ட கோடு இருக்கிறது. தூசில் பட்டுச் சிதறி வரும் ஒளியிலும் அதே கோடு வரும், ஆனால் கொஞ்சம் இடம் மாறி. அந்த இடமாற்றத்தை அளந்தால் வேகம் தெரிந்துவிடும்.

'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்பதை இசையில் சொல்லிப் பார்க்கலாம். கிட்டாரில் விரலை ஒரு கட்டை தள்ளி வைத்தால் ஒலியின் அதிர்வெண் சுமார் 6 சதவீதம் மாறும். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் விநாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். ஒரு துகள் அந்த வேகத்தில் நேராக நம்மை நோக்கி வந்தால்கூட, ஒளியின் அதிர்வெண் மாறுவது 0.01 சதவீதம்தான். அதாவது கிட்டாரின் ஒரு கட்டையில் 600-ல் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய சுருதி விலகலை எந்த இசைக் கலைஞரின் காதாலும் பிடிக்க முடியாது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு வெளிச்சத்தில் அதைப் பிடிக்க வேண்டும்.

அதற்கு அவர் பயன்படுத்திய கருவி ஃபேப்ரி–பெரோ குறுக்கீட்டுமானி. ஒளியை ஓரளவு மட்டும் கடத்தும் இரண்டு கண்ணாடிப் பரப்புகள், நேரெதிராக, மிகத் துல்லியமாக இணையாக வைக்கப்பட்டிருக்கும். ஒளி இரண்டுக்கும் நடுவில் போய்வந்து போய்வந்து தன்னோடு தானே மோதும். இடைவெளிக்குப் பொருந்தும் அலைநீளங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்தி வெளியே வரும், பொருந்தாதவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் வாயுவின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் எந்த அலைநீளம் வெளியே வரும் என்பதை மெதுவாக நகர்த்திக்கொண்டே போகலாம்.

ரெட் ஸ்பெஷலில் மூன்று பிக்கப்புகள், அதாவது கம்பியின் அதிர்வை மின் அலையாக மாற்றும் பாகங்கள், இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆன்–ஆஃப் சுவிட்சு ஒன்று, அலையின் மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் திருப்பிப்போடும் சுவிட்சு ஒன்று. இரண்டு பிக்கப்புகளின் அலைகள் ஒத்துப்போனால் ஒலி தடிக்கும். ஒன்றைத் திருப்பிப்போட்டால் சில அதிர்வெண்கள் அழிந்து, மெலிந்த கூர்மையான குரல் வரும். குறுக்கீட்டுமானிக்குள் ஒளிக்கு நடப்பதும் இதே இயற்பியல்தான். அறிவியலும் இசையும் ஒன்று என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. பெரும்பாலும் அலங்காரப் பேச்சு. ஆனால் இந்த ஒரு இடத்தில், இரண்டு வேலையிலும் ஒரே ஆள் ஒரே விளைவைத்தான் கையாண்டிருக்கிறார்.

கனேரித் தீவுகளில் ஒன்றான டெனரீஃபேயில், சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள டெய்டே வானாய்வகத்தில், 1971-லும் 1972-லும் அளவீடுகள் நடந்தன. 1972-ல் நேச்சர் இதழிலும், 1974-ல் இங்கிலாந்து ராயல் வானியல் சங்கத்தின் ஆய்விதழிலும் இணை ஆசிரியராக அவருடைய கட்டுரைகள் வந்தன. தூசில் பெரும்பகுதி கோள்கள் சுற்றும் திசையிலேயே சுற்றுகிறது என்பது தெரிந்தது. இடையில் செலவுக்காக லண்டன் பள்ளி ஒன்றில் கணக்குப் பாடமும் எடுத்தார்.

அப்புறம் நடந்தது ஊரறிந்தது. 1973-ல் குவீனின் முதல் ஆல்பம், 1974-ல் பெரிய பயணங்கள். ஆய்வேடு ஏறக்குறைய எழுதி முடிக்கும் நிலையில் கிடப்பில் போடப்பட்டது.

2006-ல் அவர் மீண்டும் இம்பீரியல் கல்லூரியில் பதிவு செய்துகொண்டார். அப்போது வானியற்பியல் துறைத் தலைவராக இருந்த மைக்கேல் ரோவன்-ராபின்சன் வழிகாட்டியானார். முப்பது ஆண்டுப் பழைய தரவு செல்லுமா என்ற கேள்வி நியாயமானது. வேறு பல துறைகளில் செல்லாது. ஆனால் ராசிமண்டலத் தூசின் வேகத்தை அதே முறையில் அளக்க இடைப்பட்ட காலத்தில் அதிகம் பேர் முன்வரவில்லை. இன்னொரு பக்கம், 1983-ல் ஐராஸ் என்ற அகச்சிவப்பு விண்கலம் வேகா போன்ற நட்சத்திரங்களைச் சுற்றியும் தூசு இருப்பதைக் காட்டியிருந்தது. வேறு சூரியன்களைச் சுற்றியுள்ள தூசைப் புரிந்துகொள்ள நம் வீட்டுத் தூசு தெரிந்திருக்க வேண்டும். அதனால் ஓரமாகக் கிடந்த தலைப்புக்கு மறுபடியும் மதிப்பு வந்தது. விட்ட இடத்திலிருந்து இடைக்கால ஆய்வுகளையெல்லாம் படித்துச் சேர்த்து, தன் அளவீடுகளை மறுபடி அலசி, 2007-ல் ஆய்வேட்டைக் கொடுத்தார். வயது 60. 2008 மே மாதம் பட்டமளிப்பு விழா நடந்தது, கச்சேரிகளுக்குப் பேர்போன ராயல் ஆல்பர்ட் ஹாலில்.

சூரியனைவிட மூத்த துகள்கள்

இனி மூன்றாவது வகை. உண்மையிலேயே பழைய நட்சத்திரத் தூசு என்று சொல்லத் தகுந்தது இதுதான்.

1969 செப்டம்பர் 28-ம் தேதி ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ச்சிசன் என்ற ஊரருகே ஒரு விண்கல் சிதறி விழுந்தது. மொத்தம் 100 கிலோவுக்கு மேல் சேகரித்தார்கள். சூரியக் குடும்பம் உருவான காலத்துக்குப் பின் பெரிதாகச் சூடாகாத, கார்பன் மிகுந்த கல் அது. இப்படிப்பட்ட விண்கற்களில் சில மந்த வாயுக்களின் ஐசோடோப்பு விகிதம் விசித்திரமாக இருப்பதை 1960-களிலேயே கவனித்திருந்தார்கள். அந்த வாயுவைச் சுமந்துகொண்டிருக்கும் துகள் எது என்று தேடியதில், 1987-ல் சிகாகோ பல்கலைக்கழகத்திலும் செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் இருந்த குழுக்கள் மிக நுண்ணிய வைரங்களையும் சிலிக்கான் கார்பைடு துகள்களையும் பிரித்தெடுத்தன.

பிரித்தெடுக்கும் முறை கொஞ்சம் முரட்டுத்தனமானது. கல்லைப் பொடியாக்கி, அமிலத்துக்கு மேல் அமிலமாக ஊற்றி, மற்ற எல்லாவற்றையும் கரைத்துவிடுவார்கள். எதற்கும் கரையாமல் மிஞ்சுவதுதான் வேண்டியது. ஊசியைத் தேட வைக்கோல் போரையே எரித்துவிடுவது என்று அந்தத் துறையினரே கேலியாகச் சொல்வார்கள். சிலிக்கான் கார்பைடு அமிலத்துக்கு அசையாது. மேலே அதை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். பெரும்பாலான துகள்கள் ஒரு மைக்ரோமீட்டர் அளவிலோ அதற்கும் கீழேயோ இருக்கும்.

அது சூரியனுக்கு முந்தியது என்று எப்படித் தெரியும்? ஐசோடோப்புகளை எண்ணிப் பார்ப்பதுதான் வழி. நம் சூரியக் குடும்பத்தில் எங்கே எடுத்தாலும் கார்பன்-13 ஒன்றுக்குக் கார்பன்-12 சுமார் 89 இருக்கும். கொஞ்சம் கூடும் குறையும், அவ்வளவுதான். இந்தத் துகள்களில் அந்த எண் ஒற்றை இலக்கத்திலும் இருக்கிறது, ஆயிரக்கணக்கிலும் இருக்கிறது. எந்த வேதிவினையாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்க முடியாது. அணுக்கரு வினைதான் காரணமாக இருக்க வேண்டும், அது நடக்கும் இடம் நட்சத்திரம். விகிதங்களை வைத்து இந்தத் துகள் வயதான சிவப்பு ராட்சதத்திலிருந்து வந்தது, அந்தத் துகள் சூப்பர்நோவாவிலிருந்து, அதாவது வெடித்துச் சிதறிய நட்சத்திரத்திலிருந்து வந்தது என்று பிரிக்கவும் முடிகிறது. சில துகள்களில் கால்சியம்-44 அளவுக்கு மீறி இருக்கும். அது டைட்டேனியம்-44 சிதைந்து வந்தது. டைட்டேனியம்-44-ன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 60 ஆண்டுகள்தான். சூப்பர்நோவாவில் உருவாகும் அந்த அணு முழுவதும் சிதைவதற்குள் துகள் உறைந்திருக்க வேண்டும். ஒரு நட்சத்திரம் வெடித்த சில ஆண்டுகளிலோ பத்தாண்டுகளிலோ கெட்டியான தூசு ஒன்று ஆய்வகத்து மேசைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

எப்படிப்பட்ட நட்சத்திரம் என்ற அளவுக்காவது முகவரி அழியாமல் இருப்பது இங்கேதான்.

வயதைக் கணக்கிட இன்னொரு வழி இருக்கிறது. விண்வெளியில் மிதக்கும்போது காஸ்மிக் கதிர்கள், அதாவது அங்கே அதிவேகமாகப் பாயும் அணுத்துகள்கள், துகளைத் துளைத்துப்போகும்; சில சமயம் ஒரு சிலிக்கான் அணுக்கருவை உடைத்து நியான்-21 அணுவை உண்டாக்கும். துகளில் எவ்வளவு நியான்-21 சேர்ந்திருக்கிறதோ அவ்வளவு காலம் அது வெளியில் கிடந்திருக்கிறது. 2020-ல் சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தின் பிலிப் ஹெக் தலைமையிலான குழு மர்ச்சிசனிலிருந்து எடுத்த 40 பெரிய துகள்களை இப்படிச் சோதித்தது. பெரும்பாலானவை சூரியனைவிட 30 கோடி ஆண்டுகளுக்குள் மூத்தவை. மிக மூத்தவையின் வயது 700 கோடி ஆண்டை ஒட்டி வந்தது. பிழை எல்லை பெரியதுதான், நூறு கோடிக் கணக்கில் அங்கே இங்கே நகரலாம். அப்படியும் பூமியில் நம் கைக்குக் கிடைத்த திடப்பொருள்களில் வயது தெரிந்தவற்றுள் இவையே மிகப் பழையவை.

வால்நட்சத்திரங்களிலும் சிறுகோள்களிலும் இந்த வகைத் துகள்கள் இருக்கின்றன, மிகச் சிறிய அளவில். ஆகவே பிரையன் மே டெனரீஃபேயில் அளந்த தூசு மேகத்துக்குள்ளும் அங்கங்கே ஒன்றிரண்டு நட்சத்திரத் துகள் ஒளிந்திருந்திருக்கும். அவருடைய கருவிக்கு அது தெரிய வழியில்லை. அது மொத்த மேகத்தின் ஓட்டத்தைப் பார்க்கும் கருவி.

பிற்காலத்தில் அவர் அந்தத் துகள்களுக்கு இன்னும் நெருங்கி வந்தார், வேறொரு வழியாக. சிறுவயதிலிருந்தே இரு கண்ணுக்கும் இரு படங்களை வைத்து முப்பரிமாணமாகக் காட்டும் ஸ்டீரியோ படங்களில் அவருக்குப் பித்து உண்டு. பென்னு என்ற சிறுகோளிலிருந்து மாதிரி எடுக்கப் போன நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் குழுவில், கிளாடியா மன்சோனியோடு சேர்ந்து விண்கலப் படங்களை அப்படி ஜோடி சேர்த்துக் கொடுத்தார். பென்னுவின் மேற்பரப்பு எதிர்பார்த்ததைவிடக் கரடுமுரடானது, பாறை மேல் பாறை. எங்கே பாதுகாப்பாக இறங்கித் தொடலாம் என்று முடிவு செய்யும்போது அந்தப் படங்கள் உதவின. பென்னு தானாகவே சிறு கற்களை வெளியே வீசுவதையும் 2019-ல் அதே விண்கலம் கண்டது. ராசிமண்டலத் தூசுக்குச் சரக்கு போவதில் அதுவும் ஒரு சின்ன வழி.

2020 அக்டோபரில் மாதிரி எடுக்கப்பட்டு, 2023 செப்டம்பர் 24-ம் தேதி அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் வந்து இறங்கியது. எடை 121.6 கிராம். ஆய்வகங்கள் அதில் சூரியனுக்கு முந்திய துகள்களைக் கண்டுபிடித்திருக்கின்றன. மாதிரியில் குறைந்தது 70 சதவீதத்தை இப்போது செலவழிக்காமல், இன்னும் உருவாகாத கருவிகளுக்காகவும் இன்னும் படிப்பை முடிக்காத ஆராய்ச்சியாளர்களுக்காகவும் நாசா எடுத்து வைத்திருக்கிறது.